எழுத மாட்டேன் என்ற யதுகிரி

யதுகிரியை நல்ல பெண் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். அவள் நல்லவள்தான், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் பக்கத்தில் ‘நல்ல பெண்’ என்பார்களே, குனிந்த தலை நிமிராமல், சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு, அந்தக் கணக்கில் அவளைச் சேர்க்க முடியாது. வாய் என்றால் அப்படியொரு வாய். எங்கள் காயில் கம்பெனியில் சூப்பர்வைசரிலிருந்து கேட் செக்யூரிட்டி வரை அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் கிடையாது. நானும் வாங்கியிருக்கிறேன். இப்போது பெங்களூரில் மகன் வீட்டில் இருக்கிறாள். அங்கே அபார்ட்மென்ட் சங்கத்தோடு சண்டை என்று கேள்விப்பட்டேன். சண்டை இல்லையென்று கேள்விப்பட்டிருந்தால்தான் பயந்திருப்பேன்.

என் பெயர் மரகதம். ஒரகடம் பக்கம் வல்லத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குத் தினமும் பஸ்ஸில் போய்க் காயில் சுற்றினவள். தண்ணீர் மோட்டாரைப் பிரித்தால் உள்ளே செம்புக் கம்பி சுற்றியிருக்குமே, அதுதான் காயில். லைனில் நாங்கள் எல்லோரும் பெண்கள். காலை ஷிப்ட், மத்தியான ஷிப்ட் என்று இரண்டு. ஆளுக்கு ஒரு மெஷின். காலையில் நான் உட்காரும் மெஷினில் மத்தியானம் வேறொருத்தி உட்காருவாள்.

யதுகிரி லைன் இல்லை, ஆபீஸ். அவள் குடும்பம் ஸ்ரீபெரும்புதூர் கோயிலில் பிரபந்தம் சேவிக்கிற குடும்பம். அப்பாவுக்குப் பாசுரம் பாடுகிற கோஷ்டியில் முன்வரிசை. மரியாதை நிறைய, வருமானம் கொஞ்சம். இவள் கணக்கில் பி.எஸ்ஸி. முடித்து, தினம் மெட்ராஸுக்கு பஸ்ஸில் நின்றபடி போய்க் கம்ப்யூட்டர் கோர்ஸும் படித்துவிட்டாள். கம்பெனி கம்ப்யூட்டர் வாங்கியபோது பெர்சனல் மேனேஜர் ஸௌந்தரராஜன் சார்தான் அவளைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். அவரும் அதே தெரு. அவள் அப்பாவோடு கோயிலில் பக்கத்தில் நிற்கிறவர். வீட்டில் அவரை அவள் மாமா என்று கூப்பிடுவாள், கம்பெனியில் சார்.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் ரூம் எப்படி இருக்கும் என்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. கண்ணாடிக் கதவு, ஏ.சி., தூசி படக் கூடாதென்று வெல்வெட் துணி. கோயிலுக்கு அடுத்தபடி நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போன இடம் அதுதான். உள்ளே யதுகிரி தனியாக உட்கார்ந்து பெட்டியைத் திட்டிக்கொண்டிருப்பாள்.

அவளுக்குக் கொடுத்த முதல் வேலை எங்கள் சம்பளம். அதுவரை டைம் ஆபீஸில் கையால் போட்டதை இனி கம்ப்யூட்டர் போடும் என்றார்கள். புரோகிராமை அவளே எழுதினாள். முதல் மாதச் சீட்டு வந்தது. லைனில் பாதிப் பேர் ஆப்சென்ட்!

ஏன் என்று புரிய வேண்டுமானால் எங்கள் கைமாத்து தெரிய வேண்டும். அவசரத்துக்குப் பக்கத்து வீட்டில் வட்டியில்லாமல் வாங்கித் திருப்பித் தருவதைக் கைமாத்து என்போம். எங்கள் லைனில் ஷிப்ட்டும் கைமாத்துதான். ஒருத்தியால் வர முடியாவிட்டால் தன் மெஷினில் உட்கார ஆளைச் சொல்லிவிட்டுத்தான் நிற்க வேண்டும். மெஷின் சும்மா நிற்கக் கூடாது, சூப்பர்வைசருக்கு அவ்வளவுதான் வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எங்கள் லைன் ராஜம்மா காலையில் வரவில்லையா, மத்தியான ஷிப்ட்காரி ஒருத்தி காலையிலேயே வந்து அவள் மெஷினில் உட்காருவாள். அவளுடைய மத்தியானத்தில் ராஜம்மா வந்து உட்காருவாள். அன்றைக்கே முடியாவிட்டால் இன்னொரு நாள் உட்கார்ந்து திருப்பிவிட வேண்டும். எழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது. ஏமாற்றினவளுக்கு அடுத்த முறை ஆள் கிடைக்காது. அதைவிடப் பெரிய சட்டம் எதற்கு?

இது எதுவும் யதுகிரிக்குத் தெரியாது. காலை ஷிப்ட்காரியின் கார்டில் காலையில் நேரம் குத்திய பஞ்ச் இல்லையென்றால் ஆப்சென்ட் என்று புரோகிராமில் எழுதிவிட்டாள். அன்றைக்கு நாங்கள் யாரும் செருப்பைக் கழற்றவில்லை. ராஜம்மா முன்னால் போய்ச் சீட்டை அவள் மேசைமேல் போட்டாள். ராஜம்மா எங்கள் லைனில் மூத்தவள், குரலும் அதற்கேற்றது.

“இன்னாம்மா இது? நான் வரலியா? மெஷின்ல குந்திகினு காயில் சுத்துனது நானா, பேயா? கண்ணு கீதா உன் பொட்டிக்கு?”

“கத்தாதீங்கோ. பெட்டிக்குக் கண்ணு கிடையாது. உங்க கார்டுல காலம்பர பஞ்ச் இல்லை, நான் என்ன பண்ணட்டும்?”

“கார்டு இன்னாத்த கண்டுச்சு? வந்து மெஷினைப் பாரு!”

“வரேன். வராம ஓடிடுவேன்னு நினைச்சேளா?”

சொன்னபடி மறுநாள் வந்து லைனில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கேட்டுக்கொண்டாளா என்றால் இல்லை, சண்டைதான் போட்டாள். ரெண்டு பேரும் சேர்ந்து பொய் சொன்னா? ஒருத்தி திருப்பித் தராம வேலையை விட்டுட்டா? ராஜம்மா ஒன்று சொல்ல, அவள் ஒன்பது கேட்க, எங்களுக்குள்ளேயே சில விஷயத்தில் தீர்மானம் இல்லை என்று அன்றைக்குத்தான் எங்களுக்கே தெரிந்தது. கடைசியில் யார் யாருக்காக உட்கார்ந்தார்கள் என்று சூப்பர்வைசர் ஒரு துண்டுச் சீட்டில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், அதை அவள் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்று ஆயிற்று. திருப்பித் தராத ஷிப்ட் அடுத்த மாதத்துக்கும் கடனாகக் கூடவே வரும்.

அதற்கப்புறம் அவள் தப்பே செய்யவில்லை என்று நான் கதை கட்டவில்லை. ஒரு மாதம் பெயரெல்லாம் ஒரு வரி கீழே இறங்கி, என் சம்பளம் பக்கத்து மெஷின்காரிக்கும் அவளுடையது அடுத்தவளுக்கும் போய்விட்டது. போய்த் திட்டினோம். அவளும் திருப்பித் திட்டிக்கொண்டே சரி செய்தாள். கதவைத் தள்ளினால் அவள் இருந்தாள், எங்களுக்கு அது போதும்.

தொண்ணூற்றொன்று மே மாதம் எங்கள் ஊரில் குண்டு வெடித்தது. அதை நான் சொல்லி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. ரோடு முழுக்கப் போலீஸ், கடையெல்லாம் சாத்தல். முதலில் கம்பெனியும் மூடிக் கிடந்தது. திறந்த பிறகும் பஸ் ஒழுங்காக ஓட நாளாயிற்று. குன்றத்தூரிலிருந்தும் வாலாஜாபாத்திலிருந்தும் வருகிறவர்கள் வீட்டை விட்டு இறங்க முடியவில்லை. கம்பெனிக்கோ அவசர ஆர்டர். பக்கத்து ஊர்க்காரிகள் நாங்கள்தான் நடந்து வந்து அவர்கள் மெஷினிலும் சேர்த்து உட்கார்ந்தோம். காலையில் என் ஷிப்ட், மத்தியானம் வாலாஜாபாத்துக்காரியின் ஷிப்ட் என்று நானும் உட்கார்ந்தேன். அப்படியொரு கைமாத்து எங்கள் லைன் அதற்கு முன் கண்டதில்லை. ஒரு மெஷினும் நிற்கவில்லை. லாரி கிளம்பின அன்றைக்கு ஸௌந்தரராஜன் சாரே லைனுக்கு வந்து எங்களைப் பார்த்துக் கும்பிட்டார்.

கும்பிட்ட கை கீழே இறங்குவதற்குள் காலம் மாறிவிட்டது. டெல்லியில் கதவைத் திறந்துவிட்டார்கள், இனி வெளிநாட்டுக்காரன் வந்து பங்கு சேருவான் என்று எங்கே பார்த்தாலும் அதே பேச்சு. எங்கள் கம்பெனிக்கும் ஒருவன் வருவதாக இருந்தது. அவன் பார்க்கும்போது ஆஜர் கணக்கு கோடு போட்டாற்போல் இருக்க வேண்டுமாம். இனிமேல் கைமாத்து கிடையாது. அதோடு விட்டார்களா? அந்த மே மாதத்தையும் திருத்தி, வராதவள் ஆப்சென்ட், அவளுக்காக உட்கார்ந்தவள் அனுமதியில்லாமல் உட்கார்ந்தாள் என்று போட்டு, தீபாவளி போனஸில் இரண்டு பேருக்கும் பிடிக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு.

ஸௌந்தரராஜன் சார் யதுகிரியைக் கூப்பிட்டார். நடந்ததை மறுநாள் கேன்டீனில் அவள் எனக்கு இரண்டு குரலிலும் நடித்துக் காட்டினாள்.

“யதுகிரி, அந்தக் கைமாத்து சமாசாரத்தை புரோகிராம்லேர்ந்து எடுத்துடு. மே மாசத்துலேர்ந்தே எடுக்கணும்.”

“எடுத்தா வராதவாளுக்கும் கட், உக்காந்தவாளுக்கும் கட். மெஷின் ஓடித்தே சார், லாரி போச்சே. அந்தக் காயிலை யார் சுத்தினா? பெருமாளா?”

“டபுள் ஷிப்ட் உக்காத்தி வெக்கறது சட்டப்படி தப்பு. ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் கேட்டா நான்னா பதில் சொல்லணும்?”

“அதே சட்டத்துல ஓவர்டைமுக்கு ரெண்டு மடங்கு கூலின்னு இருக்கே. சட்டப்படியே போகலாம். அதையும் சேர்த்து எழுதிடட்டுமா?”

அதற்கு அவர், “நீ எழுதலேன்னா எழுதறதுக்கு மெட்ராஸ்ல ஆயிரம் பேர் இருக்கா. வெளில குடுத்துடுவோம்,” என்றிருக்கிறார்.

“குடுங்கோ. நான் எழுத மாட்டேன்.”

“நம்மாத்துப் பொண்ணுன்னு கொண்டுவந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

“ஆத்துலதான் நீங்க மாமா. இங்க சார்.”

நடிக்கும்போது சிரித்தாள். முடிந்ததும் அழுதாள். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. கோயிலில் கிடைக்கிற தளிகைப் பிரசாதத்தை நம்பி எத்தனை பேர் இருக்க முடியும்? விஷயம் அதற்குள் தெருவுக்குப் போய், அப்பா காதிலும் விழுந்துவிட்டது. அவர் கோபித்திருந்தால் இவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவர் கெஞ்சினார். மாமா சொல்றதைக் கேட்டுக்கோம்மா, உனக்கு வேலை போயிடுத்துன்னா நான் யாரண்டை போய் நிப்பேன் என்று கேட்டாராம். இவளுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. “நீ எழுதிக் குட்த்துட்டுப் போம்மா. உன் வேலையைக் காப்பாத்திக்கோ. அப்பால நாங்க யூனியன்ல பாத்துக்கறோம்,” என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை முறைத்தாள். “நான் உங்களை அடிக்கறேன், நீங்க போய் மருந்து போட்டுக்கறேளா? நன்னா இருக்கே! தினம் இதே கேன்டீன்ல இதே பெஞ்சுல உக்காந்து எப்படி சாப்பிடுவேன்? போங்கோ மரகதம்மா, போய் வேலையைப் பாருங்கோ.”

கோபத்தில் தட்டைத் தள்ளிவிட்டுப் போய்விட்டாள். சாம்பார் என் புடவையில் கொட்டியது. நல்ல பெண் என்று சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மெட்ராஸிலிருந்து ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்களைக் கூப்பிட்டார்கள். இரண்டு புரோகிராமையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, உள்ளாள் எழுதுவதா வெளியாள் எழுதுவதா என்று நிர்வாகமும் தொழிலாளிகளும் சேர்ந்து உட்காரும் ஒர்க்ஸ் கமிட்டியிலேயே முடிவு செய்யலாம் என்றார் ஸௌந்தரராஜன் சார். அதாவது முடிவு அவர் சட்டைப் பையில் இருந்தது, நாங்கள் தலையாட்டினால் போதும். லைன் பெண்கள் சார்பில் கமிட்டியில் நான் இருந்தேன்.

வந்த பையன் பெயர் நிவாஸ். டை கட்டியிருந்தான். ஷூவைக் கழற்றினபோது சாக்ஸ் ஓட்டையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. எனக்கு உடனே பிடித்துவிட்டது. அவன் புரோகிராமும் நன்றாகத்தான் இருந்தது. ஸ்கிரீனில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, பெயரைத் தட்டினால் ஆளின் விவரமெல்லாம் வந்து நின்றது. யதுகிரியுடையது வெறும் எழுத்து, ஓடுவதற்கும் நேரமாகும்.

ஸௌந்தரராஜன் சார் சொன்னார்: “வெளில குடுத்தா செலவு குறைச்சல். ஒரு ஆளை நம்பி வேலை நிக்காது. யதுகிரி லீவுன்னா என்ன பண்றோம்?”

அது பொய்யில்லை. அவளுக்கு மஞ்சள் காமாலை வந்த மாதம் எங்கள் சம்பளம் தள்ளித்தான் வந்தது. நானும் அப்போது முணுமுணுத்தவள்தான்.

நான் நிவாஸிடம் கேட்டேன்: “தம்பி, சீட்டு தப்பா வந்துச்சுன்னா யாராண்ட கேக்கறது?”

“கம்ப்ளைன்ட் எழுதி சார்கிட்ட குடுங்கம்மா. அவர் எங்களுக்கு அனுப்புவார். அடுத்த விசிட்ல பாத்துடுவோம்.”

“விசிட்டா? நீ இன்னா டாக்டரா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரிக்காமல் எழுந்து நின்றது யதுகிரி மட்டும்தான்.

“இவர் வேலை சுத்தமா இருக்கு,” என்றாள். “என்னோடதைவிட நன்னா இருக்கு. வேகமும் ஜாஸ்தி. அதுக்காக இவரை எடுக்கறேள்னா எடுத்துக்கோங்கோ, நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆனா அதுக்காக எடுக்கலை. மே மாசத்துல உக்காந்தவாளை உக்காரலைன்னு எழுதச் சொன்னேள். மாட்டேன்னேன். இவருக்கு அந்த மே மாசம் தெரியாது, அதனால எழுதறார். உள்ளாளா வெளியாளாங்கறது இங்க கேள்வியே இல்லை. கேள்வி கேக்கறவ வேணுமா வேண்டாமாங்கறதுதான். வேண்டாம்னு முடிவு பண்ணிண்டா அதையே மினிட்ஸ்ல போடுங்கோ. யதுகிரிக்கு எழுதத் தெரியலேன்னு நாளைக்கு எவனும் சொல்லப்படாது. எழுத மாட்டேன்னு சொல்லிட்டா. அப்படிப் போடுங்கோ.”

ஸௌந்தரராஜன் சார் முகம் சிவந்துவிட்டது. “உக்காரு” என்றார். அவள் உட்காரவில்லை. அவர் கூட்டத்தை முடித்துக்கொண்டு எழுந்து போகும்வரை நின்றுகொண்டே இருந்தாள். கூட்டக் குறிப்பில், அதாவது மினிட்ஸில், அவள் பேச்சு ஏறவில்லை. ‘செலவு, வேகம் கருதி வெளியே தரப்படுகிறது’ என்று ஏறியது. நான் கையெழுத்துப் போட மறுத்தேன். மெஜாரிட்டி போட்டுவிட்டது.

அவளை டெஸ்பாட்சுக்கு மாற்றினார்கள். லாரிக்குப் பேப்பர் டைப் அடிக்கிற வேலை. இரண்டு வாரத்தில் ராஜினாமா கொடுத்துவிடுவாள் என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். “ஏன் குடுக்கணும்? அவாளுக்கு நான் வேண்டாம்னா காரணம் எழுதித் துரத்தட்டும்,” என்றாள். தினம் வந்தாள். டைப் அடித்தாள். லாரி டிரைவர்களோடு சண்டை போட்டாள். ஆனால் கம்ப்யூட்டர் ரூம் வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு கேன்டீனுக்கு வருவதை நான் பார்த்தேன்.

தீபாவளிக்கு முன் போனஸ் சீட்டு வந்தது. நல்ல வழவழப்பான தாளில், கோடு போட்டு, அழகாக. மே மாதத்தில் நடந்து வந்து இரண்டு ஷிப்ட் உட்கார்ந்த எங்களுக்கெல்லாம் பிடித்தம். பஸ் இல்லாமல் வீட்டில் கிடந்தவர்களுக்கும் பிடித்தம். கம்ப்யூட்டர் ரூமுக்குப் போனோம். கதவு பூட்டியிருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் பெட்டி இருந்தது, நாற்காலி இருந்தது. திட்டுவதற்கு ஆள் இல்லை.

ஸௌந்தரராஜன் சாரிடம் போனோம்.

“கம்ப்யூட்டர் போட்டதும்மா. என் கைல என்ன இருக்கு?”

“கம்ப்யூட்டருக்கு யார் சொன்னது?” என்றாள் ராஜம்மா.

“மெட்ராஸ்ல எழுதறா.”

“மெட்ராஸ்ல குந்திகினு எழுதுறவங்களுக்கு, நான் இங்க குந்திகினு இருந்தது எப்டிய்யா தெரியும்?”

நாங்கள் லைனுக்குத் திரும்பினோம். ஒருத்தியும் வீட்டுக்குப் போகவில்லை, ஒருத்தியும் கத்தவில்லை. அவரவர் மெஷினில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டோம். எழுதினவங்க வரட்டும், வந்து சொல்லட்டும், அப்புறம் சுற்றுகிறோம் என்றோம்.

யூனியன் ஆபீசிலிருந்து ஓடி வந்து, யதுகிரியைத் திரும்பக் கொண்டுவா என்று கோரிக்கை வைக்கலாமா என்று கேட்டார்கள். நான் டெஸ்பாட்சுக்குப் போய் அவளிடம் கேட்டேன். எரிந்து விழுந்தாள். “என் பேரைச் சொன்னேளோ பாருங்கோ! எனக்காக நிறுத்தினேள்னு ஆக்கிடுவா. நீங்க உங்களுக்காக நிறுத்தியிருக்கேள். அதோட நில்லுங்கோ.” சரி தாயே என்று திரும்பி வந்தேன்.

மத்தியானம் நிவாஸ் பஸ் பிடித்து வந்து சேர்ந்தான். அவனை லைனுக்கு நடுவில் கொண்டுவந்து நிறுத்தினோம். அத்தனை பெண்களுக்கு நடுவில் அவன் டையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“நீ எழுதுனதுதானா?” என்றாள் ராஜம்மா.

“நான்தாம்மா எழுதினேன். எனக்குக் குடுத்த ரூல் இதுதான். சரியா தப்பான்னு கேக்கற எடத்துல நாங்க இல்ல. கேட்டா வேற கம்பெனிக்குக் குடுத்துடுவாங்க.”

உண்மையைச் சொன்னான். அதற்காக அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தோம். நல்ல பையன். ஆனால் நல்ல பையனை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?

வெளியே லாரி லோடுக்காக நின்றுகொண்டிருந்தது. நான் எங்கள் நிபந்தனையைச் சொன்னேன். மே மாதத்தை இருந்தபடியே போட வேண்டும். கைமாத்து இருக்கும். புரோகிராமை உள்ளாள் எழுதட்டும், வெளியாள் எழுதட்டும், எங்களுக்கு வழக்கில்லை. ஆனால் எழுதினவர் யாரோ, அவரே சம்பள நாளில் சீட்டை எடுத்துக்கொண்டு லைனுக்கு வர வேண்டும். நாங்கள் கேட்பதற்கெல்லாம் அங்கேயே நின்று பதில் சொல்ல வேண்டும். ஸௌந்தரராஜன் சார் லாரியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மேலே போன் போட்டுப் பேசினார், வந்து கையெழுத்துப் போட்டார். மெஷின் ஓடியது.

மெட்ராஸ்காரர்கள் அந்த நிபந்தனையைப் படித்துவிட்டு, தங்கள் ஆட்களைத் தொழிலாளிகளிடம் ஏச்சு வாங்க அனுப்புவதில்லை என்று எழுதிவிட்டார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான். திட்டு வாங்குவதற்கு எந்த ஒப்பந்தத்தில் விலை போடுவது? ஒப்பந்தம் முறிந்தது.

ஸௌந்தரராஜன் சார் தானே டெஸ்பாட்சுக்கு நடந்து வந்தார். லோடு விஷயமாக நானும் அங்கே நின்றிருந்தேன்.

“வா. உன் சீட்டுல வந்து உக்காரு,” என்றார்.

“அந்த நிபந்தனை எனக்கும் உண்டோல்லியோ?”

“உனக்கென்னத்துக்கு? நீ இங்கயே இருக்கறவ.”

“எனக்கும் உண்டுன்னு சொல்லுங்கோ, வரேன்.”

“உண்டு,” என்றார். அவர் வாயிலிருந்து அது வர எவ்வளவு நேரமானது என்று எனக்குத்தான் தெரியும்.

அவள் போனாள். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று ஆட்டம் போட்டோம். ராஜம்மா வீட்டிலிருந்து அதிரசம் கொண்டுவந்தாள். அந்த மாதச் சம்பளக் கணக்கு நெருங்கியபோதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது: நாங்கள் மெஷினை நிறுத்தி உட்கார்ந்த அந்த அரை நாளுக்கு என்ன எழுதுவது?

ஸௌந்தரராஜன் சார் ஆப்சென்ட் என்று போடச் சொன்னார். வேலைநிறுத்தம் என்று காகிதத்தில் இருந்தால் வெளிநாட்டுக்காரன் மிரண்டுவிடுவானாம். நாங்களோ, நம்ம பொண்ணுதானே என்று உரிமையாகப் போனோம். “நாங்கதான் மெஷினை வுட்டு நகரவேயில்லியே. வந்துட்டுதானே இருந்தோம்? ஆஜர்னு போட்டுடும்மா,” என்றாள் ராஜம்மா. “உனக்காகவுந்தானே நின்னோம்.”

“இல்லை. உங்களுக்காக நின்னேள்,” என்றாள் யதுகிரி.

“சரிதான், அதனால இன்னா? அரை நாள் கூலி. உன் கையிலதானே கீது.”

“மாட்டேன்.”

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. “இன்னாம்மா நீ? மேனேஜருக்கும் மாட்டேன், எங்களுக்கும் மாட்டேனா?”

“அவருக்கும் மாட்டேன்னுட்டுதான் வரேன். ஆப்சென்ட்னு போட மாட்டேன்னேன். நீங்க எங்க ஆப்சென்ட்? இங்கதானே உக்காந்திருந்தேள். ஆஜர்னும் போட மாட்டேன். காயில் சுத்தினேளா? சுத்தலை. நிறுத்தினேள். அதைப் போய் எதுக்கு மறைக்கறேள்? திருட்டுக் காரியமா பண்ணினேள்? இந்தக் கம்பெனில உங்களை மாதிரி எவா நிறுத்தினா? அதை நான் அழிச்சு எழுதணுமா? நான் எழுத மாட்டேன்.”

ராஜம்மா சீறிக்கொண்டு வெளியே போனாள். நானும் போனேன். இரண்டு நாள் அவளோடு யாரும் பேசவில்லை. கேன்டீனில் தனியாகச் சாப்பிட்டாள். அசைந்து கொடுக்கவில்லை.

சம்பள நாளன்று சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு அவளே லைனுக்கு வந்தாள். ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லிக் கொடுத்தாள். ஒருவர் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை. ராஜம்மா தன் சீட்டை வாங்கி, படிக்கத் தெரியாததால், என்னிடம் நீட்டினாள். “அந்த அரை நாளுக்கு இன்னா போட்டு வெச்சிகீறா, படி.”

அந்தத் தேதிக்கு நேரே ஆங்கில எழுத்தில் ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. “ஸ்ட்ரைக்” என்று படித்தேன்.

ராஜம்மா அந்தத் தாளைத் திருப்பி வாங்கி, எந்த இடம் என்று கேட்டு, அங்கே விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு என்னிடமே நீட்டினாள்.

“இன்னொரு வாட்டி படி,” என்றாள். “சத்தமா படி.”